பூ விழுந்த கண்ணும் பரம்பரைப் பழியும்

"மாறுகண் பிள்ளை வீட்டுக்கு யோகம்" என்று சொல்லும் பாட்டிமார் அம்பத்தூரிலும் உண்டு, ஆவடியிலும் உண்டு. கருவிழிக்குள் வெள்ளையாகத் தெரிந்தால், "பூ விழுந்திருக்கு" என்று தாய்ப்பாலைச் சொட்டாக விடுவார்கள். மாறுகண் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. வெள்ளைக்குக் கண்புரையும் காரணமாகலாம். ஆனால் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்று முதலில் காட்டும் அடையாளங்களும் இவை இரண்டுதான். இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 குழந்தைகளுக்கு, அநேகமாக ஐந்து வயதுக்குள், இந்த நோய் வருகிறது.

பிறந்தநாள் படங்களை எடுத்துப் பாருங்கள். பிளாஷ் வெளிச்சத்தில் இரு கண்களும் சிவப்பாக மின்னுவது இயல்பு. ஒன்று சிவப்பு, மற்றது வெள்ளை என்றால் மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்துப் பார்க்கும்படி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். (இன்றைய செல்போன்கள் சிவப்பைத் தாமாகவே அழித்துவிடுகின்றன, படம் அழகாக வந்திருப்பதை நம்பி இருந்துவிட முடியாது.) பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, 1819-ல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை எழும்பூரில்.

நோய் உறுதியானதும் வீட்டில் எழும் முதல் பேச்சு, "எங்க பரம்பரையிலேயே யாருக்கும் இல்லையே!" அடுத்த நிமிடமே பார்வை மருமகள் பக்கம் திரும்பும்.

1971-ல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன், இந்த நோய் கண்ட 48 பேரின் விவரங்களை வைத்துக் கணக்குப் போட்டார். இரண்டு கோளாறுகள் நேர்ந்தால்தான் புற்று தொடங்கும் என்றார். செல் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் மரபணு ஒன்று உண்டு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என அதன் இரு பிரதிகளும் கெட வேண்டும் என்பது பிறகு தெளிவானது. சைக்கிளுக்கு இரண்டு பிரேக் இருப்பது போல. 13-ஆம் குரோமோசோமில் இருக்கும் அந்த ஆர்பி1 மரபணு 1986-ல் கைக்குக் கிடைத்தது. கருவிலேயே ஒரு பிரதி கெட்டுப் பிறந்த குழந்தைக்கு உடம்பின் எல்லாச் செல்களிலும் ஒன்றுதான் மிச்சம். லட்சக்கணக்கான விழித்திரைச் செல்களில் ஏதோ ஒன்றில் அதுவும் போய்விடும். அதனால்தான் இவர்களுக்குச் சீக்கிரமே, பெரும்பாலும் இரு கண்களிலும் வருகிறது.

இரு கண்ணிலும் வந்தால் அது மரபணுவில் பதிந்த நோய்தான். ஆனாலும், நோய் கண்ட குழந்தைகளில் சுமார் 10 சதவீதம் பேருக்குத்தான் குடும்பத்தில் முன்பே யாருக்காவது இருந்திருக்கும். மற்றவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு விழித்திரைச் செல்லிலேயே புதிதாகப் பிறக்கிறது; கருவிலேயே புதிதாகக் கெட்டவர்களுக்கு அது பெரும்பாலும் தகப்பனின் விந்தணுவில் நேர்ந்தது. யாரும் செய்த தவறல்ல. ஆனால் மருமகளை முறைத்த மாமியாருக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும். அத்தை மகனைக் கட்டியதற்கும் இதற்கும் தொடர்பில்லை: உறவில் திருமணம் செய்வதால் அதிகரிப்பவை இரு பெற்றோரிடமிருந்தும் கோளாறு வந்தால்தான் தோன்றும் நோய்கள், இதற்கு ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். மார்பகப் புற்றில் பேசப்படும் பிஆர்சிஏ மரபணுக்களும் இப்படிப் புற்றைத் தடுக்கும் வகைதான்; அவற்றின் கோளாறும் அப்பா வழியாக மகளுக்கு வரலாம்.

"கத்தி பட்டால் புற்று பரவும்" என்று பலர் பயப்படுவதில் மட்டும் ஒரு துளி உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் கண்ணில் ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதிப்பதை மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். செல்கள் வெளியே சிதறக்கூடும். ஆனால் முற்றிய கண்ணை முழுதாக எடுப்பது வேறு. அதற்குப் பயந்து வீடு திரும்பி, புற்று பார்வை நரம்பு வழியே மூளைக்கு ஏறிய பிறகு வருபவர்களைக் காப்பாற்றுவதுதான் கடினம். சீக்கிரம் வந்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கிறார்கள், பல நேரம் கண்ணோடும்.

குழந்தையின் ரத்தத்தைச் சோதித்து, ஆர்பி1 மரபணுவின் எந்த இடத்தில் கோளாறு என்று தெரிந்துவிட்டால் தம்பி தங்கைகளுக்கும் அதையே தேடலாம். அவர்களிடம் அது இல்லையென்றால் மாதாமாதம் மயக்க மருந்து கொடுத்துக் கண் பார்க்கும் பாடு அவர்களுக்கு வேண்டாம். இருந்தால் முதல் பரிசோதனை பிறந்த சில நாட்களிலேயே தொடங்க வேண்டும். தடுப்பூசி அட்டையில் ஒன்பதாம் மாதம் வரும்வரை காத்திருக்கக் கூடாது.