போனை மாற்றுமுன் பாட்டரியைப் பாருங்கள்

ஆறு மாதத்துக்கொரு போன் மாற்றும் நண்பர்கள் நம்மிடையே பலர். காரணம் கேட்டால், "ரொம்ப ஸ்லோடா, 30 பர்சென்ட்லயே ஆஃப் ஆயிடுது" என்பார்கள். பல சமயம் இதற்குக் காரணம் பழசாகிப்போன லித்தியம் அயான் பாட்டரிதான்.

முதலாண்டு பிசிக்ஸை நினைவுபடுத்திக் கொள்வோம். மின்கலத்தின் மின்னியக்கு விசையிலிருந்து, மின்னோட்டத்தை அகமின்தடையால் பெருக்கிக் கழித்தால் வருவதே முனை மின்னழுத்தம். பாட்டரிக்கு வயதாக ஆக அகமின்தடை ஏறும். 3.7 வோல்ட்டில் நிற்கும் செல்லிலிருந்து 2 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். அகமின்தடை 0.1 ஓம் என்றால் 0.2 வோல்ட்தான் இறங்கும். அதுவே 0.3 ஓம் ஆகிவிட்டால் 0.6 வோல்ட் இறங்கி 3.1-க்கு வந்துவிடும். கேமராவைத் திறந்ததும் பழைய போன் பொசுக்கென்று அணைவது இப்படித்தான்.

இதைத் தடுக்க ஆப்பிள் நிறுவனம் 2017-ல் பழைய ஐபோன்கள் சிலவற்றின் பிராசஸர் வேகத்தையே மென்பொருள் மூலம் குறைத்தது. டிசம்பரில் விஷயம் வெளிவந்து கண்டனம் எழவே, பாட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக இறக்கியது. புது பாட்டரி போட்டதும் வேகம் திரும்பியது!

பாட்டரி மாற்றியும் தேறலையா? சரி, வேறு போன் பார்க்கலாம். டிராயிங் பிடிஎஃப் பார்ப்பவருக்குப் பெரிய திரை வேண்டும். சைட்டுக்குப் போகும் சிவில் நண்பருக்கு வெயிலில் தெரிகிற திரை வேண்டும். (மெகாபிக்சல் கணக்கெல்லாம் கடைக்காரர் பேச்சு.) எத்தனை வருடம் அப்டேட் வரும் என்று கேளுங்கள்: 2023-ல் வந்த பிக்சல் 8-க்கு கூகுள் 7 வருடம் உறுதி தந்தது. செகண்ட்ஹேண்ட் என்றால், *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண் பில்லில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.