ஐவேளைத் தொழுகையும் வீட்டின் ஒழுங்கும்

நம் வீடுகளில் ஆண்டுக்கு இருமுறை பெரிய துப்புரவு நடக்கிறது. ரமளான் பிறக்குமுன் ஒரு முறை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் மற்றொரு முறை. ஒட்டடை அடிக்கிறோம், பரணைக் காலி செய்கிறோம், பாத்திரங்களையெல்லாம் பரப்பி வைத்துத் தேய்க்கிறோம். பெருநாள் கழிந்து பத்து நாள் ஆவதற்குள் வீடு பழையபடி ஆகிவிடுகிறது. சாவியைக் காணோம், மூக்குக்கண்ணாடியைக் காணோம், குடும்ப அட்டையைக் காணோம் என்ற குரல்கள் மறுபடியும் எழுகின்றன. காரணம் என்ன? வீட்டை ஒழுங்காக வைப்பது ஒருநாள் பெருவேலை அல்ல, அன்றாடச் சிறுபழக்கம்!

செயல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. வணக்கத்திற்குச் சொல்லப்பட்ட இந்த அறிவுரை வீட்டு வேலைக்கும் எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது!

தொடர்ந்து செய்ய வேண்டுமானால் நினைவூட்ட ஒன்று வேண்டுமல்லவா? அது நமக்கு முன்பே இருக்கிறது. நாள்தோறும் ஐந்து வேளை பாங்கொலி கேட்கிறது. தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்கிறது திருமறை (4:103). ஒவ்வொரு வக்துத் தொழுகையையும் முடித்தபின் ஒரு சிறு வேலை என்று வைத்துக்கொண்டால் போதும். வேலைக்காகத் தொழுகையைப் பிற்படுத்தலாகாது. தொழுகையை ஒட்டியே வேலை அமைய வேண்டும்.

ஸுப்ஹு தொழுததும் அவரவர் படுக்கையை அவரவர் சுருட்டி வைப்பது, சன்னல்களைத் திறந்துவிடுவது. லுஹருக்குப்பின், சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவிக் கவிழ்ப்பது. அஸருக்குப்பின், கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்து, உரியவரின் அலமாரியில் சேர்ப்பது. மஃரிபுக்குப்பின், பிள்ளைகள் மறுநாளைக்குரிய புத்தகங்களைப் பையில் எடுத்து வைப்பது. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம்கூட ஆகாது.

இஷாவுக்குப் பின்னுள்ள வேலையோ நபிவழியாகவே நமக்கு வந்திருக்கிறது. இரவில் கதவுகளை அல்லாஹ்வின் பெயர் கூறி அடைக்கவும், பாத்திரங்களை மூடவும், தண்ணீர்த் தோற்பையின் வாயைக் கட்டவும், விளக்குகளை அணைக்கவும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் இதை அறிவிக்கிறார்கள். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதிலிருந்தவர்களோடு தீப்பற்றி எரிந்தபோது, நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்குமுன் அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். இன்று நம் வீடுகளில் எண்ணெய் விளக்கு இல்லை. ஆனால் எரிவாயு சிலிண்டர் இருக்கிறது. கொசுவத்திச் சுருள் இருக்கிறது. இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. படுக்கச் செல்லுமுன் ஒருவர் சமையலறையைச் சுற்றிப் பார்த்து, ரெகுலேட்டரை மூடிவிட்டு வருவது அந்தக் கட்டளைக்கு நாம் இன்று தரும் மதிப்பாகும்.

இனி இன்னும் முக்கியமான ஒன்று. ஒழுங்கு என்பது பார்வைக்கு அழகு மட்டுமல்ல. அது பிறருடைய உரிமையைக் காப்பதுமாகும். அண்டை வீட்டிலிருந்து வாங்கிய பாத்திரம், ஒருவர் கொடுத்து வைத்த பணம், மதரஸாவின் கிதாபு, இவையெல்லாம் நம்மிடமுள்ள அமானிதங்கள். கி.பி. 622இல் ஹிஜ்ரத் புறப்பட்ட வேளையிலும், மக்கத்து மக்கள் தம்மிடம் ஒப்படைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் சேர்க்க அலீ (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் விட்டுச் சென்றதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. உயிருக்கே ஆபத்தான அந்த நேரத்தில்கூட எந்தப் பொருள் யாருடையது என்பதில் குழப்பமில்லை. நம் அலமாரியைத் திறந்தால் நம்மால் அப்படிச் சொல்ல முடியுமா?

கடன் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதி வைக்கச் சோர்வடைய வேண்டாம் என்கிறது திருமறை (2:282). ஜனாஸா கொண்டுவரப்பட்டால், கடன்பட்டவராயின் அதை அடைக்க ஏதேனும் விட்டுச் சென்றிருக்கிறாரா என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்ததுண்டு. இன்று நம் வீட்டில் அந்தக் கேள்வி எழுந்தால் பதில் சொல்லப்போவது யார்? கணவரின் கணக்கு எதுவும் தெரியாத ஒரு பெண்! இத்தாவில் இருக்கும் அவள், யாரிடம் எவ்வளவு என்று தெரியாமல் பழைய சட்டைப் பைகளைத் துழாவ வேண்டுமா? ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். கொடுத்தது, வாங்கியது, அமானிதம், ஜகாத் கணக்கு, வஸிய்யத் ஆகிய ஐந்துக்கும் ஐந்து பகுதிகள். வெள்ளிக்கிழமைதோறும் அஸருக்குப்பின் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து எழுதுங்கள். அது இருக்கும் இடம் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இவ்வளவும் இல்லத்தரசியின் தலையில் விழுமானால் அது ஒழுங்கு அல்ல, அநீதி. வீட்டில் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாருக்குப் பணி செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்றே அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். அப்படியிருக்க, தட்டைக் கழுவுவதால் நம் ஆண்மக்களின் மதிப்புக் குறைந்துவிடுமா?

நாளையே எல்லாவற்றையும் தொடங்க வேண்டாம். இந்த வாரம் ஒரு வக்து, ஒரு வேலை. அது படிந்த பிறகு அடுத்தது. ஒருநாள் விட்டுப்போனால் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளாமல் மறுநாள் நீங்களே முன்னின்று செய்யுங்கள். தந்தை தம் செருப்பை ஒழுங்காக வைத்தால் பிள்ளையின் செருப்பும் அதன் பக்கத்தில் வந்து சேரும்.

நம் இல்லங்களில் பரக்கத்தையும், நம்மிடமுள்ள அமானிதங்களைக் குறைவின்றி ஒப்படைக்கும் தவ்ஃபீக்கையும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.