மருந்துக்கு முன் பதிவேடு

கேள்வி: மருந்தே இல்லாத காலத்தில் காசநோயாளிகளைக் கணக்கெடுத்து என்ன பயன்?

பதில்: பெரும் பயன். நியூயார்க்கில் சுகாதாரத் துறையின் ஹெர்மன் பிக்ஸ், காசநோயாளியின் பெயரையும் முகவரியையும் மருத்துவர்கள் தெரிவித்தே ஆகவேண்டும் என்று 1897இல் விதி கொண்டுவந்தார். ரகசியம் போகும், நோயாளியின் பிழைப்பும் போகும் என்று மருத்துவர்கள் கொதித்தார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு வசதியும் இருந்தது. மருந்துக்கடையில் புட்டி வாங்கி, சளியைப் பிடித்து அங்கேயே கொடுத்தால் நகர ஆய்வகம் இலவசமாகச் சோதித்துச் சொல்லும். முடிவு மருத்துவருக்கு, முகவரி பதிவேட்டுக்கு. அதை வைத்து வரைபடத்தில் வீடு வீடாகக் குறித்தார்கள். நெரிசலான குடியிருப்புகளில் குறிகள் மொய்த்தன. நோயாளி இறந்தாலோ வீடு மாறினாலோ, அந்த அறையைக் கிருமிநீக்கம் செய்ய ஆள் போனது. தனி மருத்துவரிடம் காட்டிய வசதியானவர்களைத் தேடி ஆய்வாளர் பெரும்பாலும் போகவில்லை; ஏழைகளின் கதவுதான் தட்டப்பட்டது. அந்தப் பாகுபாட்டை என்னால் ஏற்க முடியவில்லை.