சிங்கப்பூரை வளர்த்தது ஸ்டார்ட்அப்பா?

புளியந்தோப்புப் பக்கம் யார் வீட்டுப் பையன் டிகிரி முடித்தாலும், கணக்கு எழுதுகிற என்னிடம் ஒரே வசனம்தான் வருகிறது: “சார், சிங்கப்பூரே ஸ்டார்ட்அப்பாலதான் மேல வந்துச்சு. இவன் எதுக்கு லேத்துப் பட்டறையில கெடந்து கையை அழுக்காக்கணும்?” வாட்ஸ்அப்பில் வந்ததாம். யார் அனுப்பினார்கள் என்றால் பதில் இல்லை. பட்டறையை விற்று ‘ஆப்’ போடலாமா என்று கேட்கும் அப்பாக்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நடந்த கதையைக் கேளுங்கள். சிங்கப்பூர் 1961-ல் பொருளாதார வளர்ச்சி வாரியம் அமைத்தது. ஐ.நா. குழுவோடு வந்த டச்சுக்காரர் ஆல்பர்ட் வின்செமியஸ் ஆலோசனை சொன்னார். நிதியமைச்சர் கோ கெங் சுவீ ஜூரோங் சதுப்பைத் தூர்த்துத் தொழிற்பேட்டை ஆக்கினார். முதலில் ஆளே வரவில்லை. ‘கோவின் முட்டாள்தனம்’ என்று கேலி பேசினார்கள். அவர் விடவில்லை. இரும்பாலை வந்தது, கப்பல் பட்டறை வந்தது. 1968-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செமிகண்டக்டர் அசெம்பிளிக்காக வந்தது. 1972-ல் தஞ்சோங் பகாரில் கண்டெய்னர் முனையம். கூடவே வீடமைப்பு வாரிய வீடுகள், தொழிற்பயிற்சி, சம்பளத்தில் கட்டாயமாகப் பிடித்த சேமநிதி. ஸ்டார்ட்அப்காரர்கள் இன்று கொண்டாடுகிற ‘பிளாக் 71’ அங்கே திறந்தது 2011-ல். அதுவும் இடிப்பதற்குக் குறித்துவைத்திருந்த பழைய தொழிற்கூடக் கட்டடத்தில்! ஜூரோங் தொடங்கி 50 வருஷம் கழித்து வந்த கூட்டத்துக்கு ஜூரோங்கின் பெருமையைத் தூக்கிக் கொடுப்பது, பேரன்தான் தாத்தாவைப் பெற்றான் என்பது போல.

“எஸ்டோனியா?” என்பார் கொஞ்சம் படித்தவர். ஸ்கைப் அங்கே உருவானது 2003-ல். பள்ளிகளுக்குக் கணினியும் இணையமும் கொடுக்கும் ‘புலிப் பாய்ச்சல்’ திட்டத்தை அந்த நாட்டு அரசு அறிவித்தது 1996-ல். இஸ்ரேலில் முதலீட்டு நிறுவனங்களைக் கிளப்பிவிட்ட ‘யோஸ்மா’, 1993-ல் அரசே 10 கோடி டாலர் போட்டு ஆரம்பித்தது. பக்கத்து இலங்கையில் டபிள்யூஎஸ்ஓ2 என்ற நல்ல மென்பொருள் நிறுவனம் 2005-லேயே வந்துவிட்டது. 2022-ல் பெட்ரோல் வாங்க டாலர் இல்லாமல் அந்த நாடு தவித்தபோது எல்லாரும் எதிர்பார்த்தது தேயிலையை, ஆடை ஏற்றுமதியை, சுற்றுலாவை, வெளிநாட்டில் உழைப்பவர் அனுப்பும் பணத்தை.

நம் வடசென்னைக்கு வருவோம். ஜூரோங் சேறாகக் கிடந்த காலத்திலேயே எண்ணூரில் லாரி பூட்டினோம், திருவொற்றியூரில் புல்லட் செய்தோம். நம் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் 1983-ல் வந்தது. பி அண்ட் சி மில் 1996-ல் மூடப்பட்டது. இன்றைய ஸோஹோ, அட்வென்ட்நெட் என்ற பழைய பெயரில் தொடங்கியதும் அதே வருஷம். “பாத்தியா, மில்லு போனா சாஃப்ட்வேர் வருது” என்று இதையும் சாட்சிக்கு இழுக்கிறார்கள். மில்லில் தறி ஓட்டியவருக்கு அங்கே யார் நாற்காலி போட்டுவைத்தது?

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு மூச்சு வேண்டாம். “அரசாங்கம் 10 லட்சம் சும்மா தருது”: தமிழக அரசின் டான்சீடு பணத்துக்குப் போட்டி உண்டு, தேர்வு உண்டு, பதிலுக்கு உங்கள் கம்பெனியில் பங்கும் உண்டு. “ஸ்டார்ட்அப் இந்தியா சான்றிதழ் இருந்தா வரியே இல்ல”: வருமான வரி விலக்குக்குத் தனி வாரியத்தின் ஒப்புதல் வேண்டும், கிடைத்தாலும் முதல் 10 வருஷத்தில் தொடர்ச்சியாக 3 வருஷத்து லாபத்துக்குத்தான். லாபம் எங்கே என்பது வேறு கேள்வி. ஜிஎஸ்டி கட்டியே ஆகவேண்டும். “இன்வெஸ்டர் இல்லாம வளர முடியாது”: வெளி முதலீடு வாங்காமலே வளர்ந்த ஸோஹோவைப் பாருங்கள்.

என் மேசைக்கு வரும் பேரேடுகளில் பட்டறைகள் சாவது ஐடியா இல்லாமல் இல்லை, பாக்கி வராமல்தான். ஜாப் ஒர்க் முடித்து, பில் போட்டு, பெரிய கம்பெனி வாசலில் மாதக்கணக்கில் நிற்கிறார்கள். 2006-ன் குறு, சிறு தொழில் சட்டப்படி 45 நாளுக்கு மேல் இழுக்கக்கூடாது; எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2023-24 கணக்காண்டிலிருந்து இன்னொரு பிடியும் வந்திருக்கிறது: கெடு தாண்டியும் மார்ச் 31-க்குள் கட்டாத தொகையை வாங்கியவர் அந்த வருஷச் செலவில் கழிக்க முடியாது. ‘யூனிகார்ன்’ என்று மேடை போடுகிறவர்கள் இதைப் பற்றி ஒரு கூட்டம் போட்டால் நான் முதல் வரிசையில் உட்காருவேன்.

பையன் ஆப் செய்யட்டும், தாராளமாக. பட்டறையின் பில், பாக்கி, கெடு தேதியைக் கவனிக்கிற ஆப்பாக இருந்தால் முதல் வாடிக்கையாளர் அவன் அப்பாவே. அதற்கு முன் பட்டறையின் பெயரில் ‘உத்யம்’ என்ற சிறுதொழில் பதிவைச் செய்யுங்கள். அது இல்லாமல் பாக்கி கேட்டுப் போனால் சட்டம் கைகொடுப்பது கஷ்டம். ஆதாரும் பான் எண்ணும், ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. 2,000 ரூபாய் ஆகும் என்று யாராவது சொன்னால், என் தொழில்காரராகவே இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.