மியாசாகியின் படங்களை எதிலிருந்து தொடங்குவது



ஹயாவோ மியாசாகி இயக்கிய முழுநீள அனிமேஷன் படங்கள் மொத்தம் 12. 1979இல் வந்த ‘தி காசில் ஆஃப் காக்லியோஸ்ட்ரோ’ முதலாவது; 2023இல் வந்த ‘தி பாய் அண்ட் தி ஹெரான்’ இதுவரையில் கடைசி. ஒன்றின் கதை இன்னொன்றில் தொடர்வதில்லை. அதனால் எதை முதலில் பார்த்தாலும் கதை புரியும். ஆனால் கதை புரிவது வேறு, அந்தப் படங்களோடு பழகுவது வேறு. ஆஸ்கார் வாங்கியது என்று கேள்விப்பட்டுப் புதியவர்கள் சிலர் நேரே கடைசிப் படத்தில் கைவைக்கிறார்கள். குழப்பம்தான் மிஞ்சுகிறது. மற்ற 11 படங்களும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து விலகியும் விடுகிறார்கள். அது பெரிய இழப்பு.

நல்லவன் ஒரு பக்கம், கெட்டவன் மறுபக்கம் என்று நின்று மோதி, ஒருவன் வீழ்வதில் முடிகிற கதை மியாசாகியிடம் மிகக் குறைவு. பகை இல்லாமலே கதை நகரும். பகை இருந்தால் அதன் பக்கத்து நியாயமும் தெரியும். ஆகவே பகையே இல்லாத படத்தில் தொடங்கி, குற்றவாளி யார் என்று தீர்ப்புச் சொல்ல முடியாத படங்களுக்குப் படிப்படியாகப் போவதே சரியான வரிசை.

அப்படிப் பார்த்தால் முதல் படம் ‘மை நெய்பர் டோட்டோரோ’. 1988 ஏப்ரலில் வெளியானது. 86 நிமிடம் ஓடும். 1950களின் ஜப்பான். தாய் மருத்துவமனையில் இருக்கிறாள். தகப்பன் இரண்டு பெண் குழந்தைகளோடு கிராமத்துப் பழைய வீடு ஒன்றுக்குக் குடிபோகிறான். பக்கத்துக் காட்டின் பெரிய கற்பூர மரத்தில் டோட்டோரோ என்னும் வனஜீவி வாழ்கிறது. இதைத் தாண்டிச் சொல்லப் பெரிதாகக் கதை கிடையாது. மியாசாகியின் தாயும் முதுகெலும்புக் காசநோயால் பல ஆண்டுகள் படுக்கையில் கிடந்தவர். வீட்டில் தாய் இல்லாத குழந்தைகளின் தவிப்பை மியாசாகி வெளியிலிருந்து எழுதவில்லை.

படத்தின் உயிர் மழை பெய்யும் அந்தப் பேருந்து நிறுத்தக் காட்சியில் இருக்கிறது. தூங்கிவிட்ட தங்கையை முதுகில் சுமந்துகொண்டு, அப்பா வரும் பேருந்துக்காக அக்கா சத்சுகி காத்து நிற்கிறாள். டோட்டோரோ மெல்ல வந்து பக்கத்தில் நிற்கிறது. அவள் கொடுத்த குடையின் மேல் மரத்திலிருந்து சொட்டுகள் விழும் ஓசை அதற்குப் பிடித்துப்போகிறது. இன்னும் கேட்க வேண்டும் என்று எழும்பிக் குதிக்கிறது. அவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் ஈரமும் இருட்டும் காத்திருப்பின் சலிப்பும் வரைந்த கோடுகளில் அப்படியே வந்து சேர்கின்றன. கலை இயக்குநர் கசுவோ ஓகா தீட்டிய வயல்களுக்கும் மரங்களுக்கும் இதில் பாதிப் பங்கு உண்டு. கடைசியில் பெயர்கள் ஓடும்போது எழுந்துவிடக் கூடாது. தாய் வீடு திரும்புவது அங்கே வரும் ஓவியங்களில்தான் காட்டப்படுகிறது.

அடுத்தது 1989இல் வந்த ‘கிகிஸ் டெலிவரி சர்வீஸ்’. எய்கோ கடோனோவின் சிறுவர் நாவலைத் தழுவியது. 13 வயதுச் சூனியக்காரச் சிறுமி கிகி மரபுப்படி வீட்டை விட்டுப் புறப்பட்டு, கடலோர நகரம் ஒன்றில் பொட்டலங்களை வீடுவீடாகச் சேர்த்துப் பிழைக்கிறாள். நகரத்தை வரைவதற்கு ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமும் விஸ்பியும் முன்மாதிரி. நடுவில் ஒருநாள் அவளால் பறக்க முடியாமல் போகிறது. யாரும் சபிக்கவில்லை, அவளுக்குள்ளேயே ஏதோ வற்றிப்போகிறது. வேலைக்காக முதன்முதலில் ஊர் விட்டுப் போகும் யாருக்கும் இந்தப் படம் துணையாக நிற்கும்.

இதற்குப் பிறகு ‘லபுடா: காசில் இன் தி ஸ்கை’. 1985இல் தொடங்கப்பட்ட ஸ்டூடியோ ஜிப்லியின் முதல் படம் இது, 1986இல் வந்தது. முழு வில்லன் என்று சொல்லத்தக்க ஆள் இதில் உண்டு: முஸ்கா. சாகசக் கதையாகவும் இதுவே மிக விறுவிறுப்பானது. வானில் மிதக்கும் நகரத்தின் பேரழிவு ஆயுதத்தைக் காட்டும்போது, ராமாயணம் சொல்லும் இந்திரனின் அம்பு இதுதான் என்கிறான் முஸ்கா. நம் காதுக்குப் பழகிய பெயர் அங்கே ஒலிப்பது வியப்பாகத்தான் இருக்கும். ஆனால் நினைவில் தங்குவது அந்த ஆயுதமல்ல. மனிதர் யாரும் மிஞ்சாத அந்த நகரத்தில் தனியாகத் தோட்டத்தைப் பராமரிக்கும் எந்திர மனிதன்தான்.

இந்த மூன்றும் முடிந்தபின் ‘ஸ்பிரிட்டட் அவே’. 2001இல் வந்து, 2002இல் பெர்லினில் தங்கக் கரடியும் 2003இல் ஆஸ்காரும் வாங்கியது. இதிலேயே தொடங்குவதும் பிழையில்லை. முன்சொன்ன மூன்றையும் பார்த்தவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான். பெற்றோர் பன்றிகளாக மாறிவிட, 10 வயது சிஹிரோ தெய்வங்கள் குளிக்க வரும் விடுதியில் வேலைக்குச் சேர்கிறாள். முதலாளி யுபாபா அவள் பெயரையே பறித்துக்கொள்கிறாள். நாற்றமெடுத்து வரும் விருந்தாளியின் உடம்பிலிருந்து சைக்கிளும் குப்பையும் இழுக்கப்பட்டதும், உள்ளே இருந்தது ஒரு நதியின் தெய்வம் என்று தெரிகிறது. குப்பை கொட்டியவர்கள் யார் என்று படம் சொல்வதில்லை. பார்ப்பவருக்கே தெரியும்.

அதன் பின் ‘நௌசிகா’வும் (1984) ‘பிரின்சஸ் மோனோனோகே’வும் (1997). இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். ‘நௌசிகா’ ஜிப்லி தொடங்கும் முன்பே எடுத்த படம். மியாசாகி 1982 முதல் 1994 வரை வரைந்த நீண்ட சித்திரக்கதையின் முற்பகுதி மட்டுமே அதில் இருக்கிறது. பாதரசக் கழிவால் நஞ்சான மினமாட்டா விரிகுடாவின் நினைவு அந்தக் கதைக்குப் பின்னால் உண்டு. ‘மோனோனோகே’யில் நிலைமை இன்னும் கடினம். இரும்பு உருக்குவதற்காகக் காட்டை அழிக்கும் எபோஷிதான் தொழுநோயாளிகளுக்கும் விலைமாதராக விற்கப்பட்ட பெண்களுக்கும் சோறும் வேலையும் கொடுப்பவள். காட்டின் பக்கம் நின்றால் அந்த ஏழைகள் என்ன ஆவார்கள் என்ற கேள்வி வருகிறது. ஊரின் பக்கம் நின்றால் காட்டுத் தெய்வங்களின் ரத்தம் கண்ணில் படுகிறது. மியாசாகியின் ஆகப் பெரிய படம் இதுவே. கைகளும் தலைகளும் துண்டாகும் காட்சிகள் இருப்பதால் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க ஏற்றதல்ல.

‘போர்கோ ரோசோ’ (1992), ‘ஹவுல்ஸ் மூவிங் காசில்’ (2004), ‘போன்யோ’ (2008) ஆகியவற்றை இடையில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். ஐந்து வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் ‘போன்யோ’வை முன்னால் கொண்டுவரலாம். ‘காக்லியோஸ்ட்ரோ’ நல்ல பொழுதுபோக்கு, லுபின் என்ற திருடனின் பிரபலமான தொடரைச் சேர்ந்தது, அவசரமில்லை.

கடைசி இரண்டும் கடைசியாகவே இருக்கட்டும். ‘தி விண்ட் ரைசஸ்’ (2013) ஜீரோ போர் விமானத்தை வடிவமைத்த ஜிரோ ஹொரிகோஷியின் வாழ்க்கையைக் கற்பனை கலந்து சொல்கிறது. அழகான விமானம் ஒன்றைச் செய்ய ஆசைப்பட்டவன் செய்தது கொலைக்கருவி. மியாசாகியின் தந்தை நடத்திய குடும்பத் தொழிற்சாலை அதே விமானத்துக்குப் பாகங்கள் செய்துகொடுத்தது. இங்கே குற்றம் கதைநாயகனிடமே வந்து நிற்கிறது. ‘தி பாய் அண்ட் தி ஹெரான்’ படத்திலும் போர்க்காலம் வருகிறது; விமானப் பாகம் செய்யும் தகப்பனும் இறந்துபோன தாயும் வருகிறார்கள். அதில் தன் உலகத்தை ஏற்று நடத்த வாரிசைத் தேடும் தாத்தா முறை முதியவருக்கு, 2018இல் மறைந்த, மியாசாகியின் நண்பரும் வழிகாட்டியுமான இசாவோ தகாஹதாவின் சாயல் உண்டு. முந்தைய படங்களைப் பார்த்தவருக்கு இந்த மனிதர்களெல்லாம் ஏற்கெனவே தெரிந்தவர்கள். பார்க்காதவருக்கு அது பூட்டிய அறை.

எல்லாவற்றையும் ஜப்பானிய ஒலியோடும் வசன வரிகளோடும் பார்ப்பதே நல்லது. 1998இல் வந்த ‘கிகி’யின் ஆங்கிலப் பதிப்பில், மூலத்தில் யாரும் பேசாத இடங்களில் பூனைக்குப் புது வசனங்களும் கூடுதல் இசையும் சேர்க்கப்பட்டன. ‘லபுடா’வின் ஆங்கிலப் பதிப்புக்காக இசையமைப்பாளர் ஜோ ஹிசாயிஷியே இசையை நீட்டி எழுதினார். மூலத்தில் அந்த இடங்கள் அமைதியாக விடப்பட்டது வேண்டுமென்றேதான். அந்த அமைதியோடுதான் அவற்றைப் பார்க்க வேண்டும்.