தாமரையும் அல்லியும் உறவினரா?

நம் ஊர்க் குளங்களில் தாமரையும் அல்லியும் அருகருகே மலர்ந்திருப்பதைக் காணாதவர் இலர். இரண்டும் சேற்றில் வேரூன்றி, வட்ட இலை பரப்பி, பல இதழ்களோடு பூப்பவை. பள்ளிப்படி ஏறாத என் பாட்டி இரண்டையும் "ஒரே வம்சம்" என்பார். 1753-இல் இரண்டையும் நிம்ஃபேயா என்ற ஒரே பேரினத்தில் அடக்கிய லின்னேயசும் பாட்டியின் கட்சியே! பெந்தம்-ஹூக்கர் வகைப்பாடும் இவற்றை ஒரே குடும்பத்தில்தான் வைக்கிறது.

ஆயின் சற்று நெருங்கிப் பார்ப்போம். தாமரையின் முதிர்ந்த இலை நீர்மட்டத்துக்கு மேலே குடைபோல் நிற்கிறது. விளிம்பில் பிளவு இல்லை. அல்லி இலையோ நீரில் மிதக்கிறது. காம்பை நோக்கி உள்வாங்கிய பிளவு அதற்கு உண்டு. தாமரை இலையில் நீர் ஒட்டாமைக்குக் காரணம், அதன் மேற்றோலிலுள்ள நுண்ணிய மேடுகளும் அவற்றின்மேல் படிந்த மெழுகுமாம்.

இலையைவிடக் காயே தெளிவான சான்று. இரண்டின் இளங்காய்களையும் பிளேடால் நறுக்கிப் பாருங்கள். தாமரையில் சூலிலைகள் ஒன்றோடொன்று இணையாமல், புனல் போன்ற பூத்தளத்தின் குழிகளில் தனித்தனியே அமர்ந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரே விதை தரும். அல்லியில் சூலிலைகள் இணைந்து, பல அறைகளுள்ள ஒரே சூலகமாகின்றன. அறைதோறும் ஏராளமான சிறு விதைகள். அல்லிக்காய் நீருக்குள்ளேயே முதிர்கிறது. அதன் விதைகள் மிதந்து பரவுகின்றன. தாமரை விதையின் உறையோ கல் போன்றது. சீனாவில் பழைய ஏரிப் படுகையொன்றில் கிடைத்த, ஏறத்தாழ 1300 ஆண்டுப் பழமையான விதை முளைத்ததாக 1995-இல் ஆய்வாளர் வெளியிட்டனர்.

மகரந்தத் தூளை நுண்ணோக்கியில் வைத்தால் பிளவு இன்னும் ஆழமாகிறது. தாமரையின் தூளில் மூன்று பள்ளங்கள். அவரை, வேம்பு, சூரியகாந்தி முதலியவை அடங்கிய உண்மை இருவித்திலைக் கூட்டத்தின் அடையாளம் இதுவே. அல்லியின் தூளில் ஒரே பள்ளந்தான்.

பின்னர் டி.என்.ஏ. ஒப்பீடுகள் வழக்கைத் தீர்த்தன. 1998-இல் வெளியான ஏ.பி.ஜி. வகைப்பாடு தாமரையைப் புரோட்டியேல்ஸ் வரிசையில் சேர்த்தது. அங்கே அதன் உறவினர் யார் தெரியுமா? காஷ்மீரத்துச் சினார் மரமும், நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரமும்! அல்லியின் முன்னோரோ, ஒருவித்திலை, இருவித்திலைக் கூட்டங்கள் பிரியுமுன்பே தனிக்கிளையாகிவிட்டனர். ஆகவே தாமரைக்கு, பக்கத்தில் மிதக்கும் அல்லியைவிட வயலில் விளையும் நெல்லே நெருங்கிய உறவு. பெந்தம்-ஹூக்கர் முறை செடியை இனங்காண இன்றும் கைகொடுக்கும். உறவுமுறைக்கு அதை மட்டும் நம்பலாகாது என்பது என் கருத்து.

அப்படியானால் இவ்வளவு தோற்ற ஒற்றுமை எப்படி வந்தது? குளம் தந்தது. சேற்றில் பிராணவாயு மிகக் குறைவு. அங்கே புதைந்த கிழங்குக்கு மேலிருந்து காற்று இறங்கியாக வேண்டும். அதற்கு இரண்டு செடிகளும் தனித்தனியே கண்ட வழி ஒன்றே: காம்பு நெடுகிலும் காற்றுக்குழல்கள். தாமரைக் காம்பை ஒடித்தால் அவற்றைக் கண்ணாலேயே காணலாம். அல்லித் தண்டிலும் அப்படியே.