பழைய ஹெரால்டும் புது பெயின்ட்டும்

கேள்வி: அப்பாவின் 1968 ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு மறுபடி பெயின்ட் அடித்தோம். வெயிலில் பார்த்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கிறது. இன்னொரு கோட் அடிக்கச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம், தேய்த்தே சரிசெய்யலாம். முதலில் மறைவான இடத்தில் வெள்ளைத் துணியால் துளி ரப்பிங் காம்பவுண்ட் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் மேலே கிளியர் கோட் (நிறமற்ற மேல்பூச்சு) இல்லை. அதுவும் மெட்டாலிக் நிறமென்றால் உப்புத்தாளைத் தொடவே தொடாதீர்கள், திட்டுத் திட்டாகிவிடும்.

கிளியர் கோட் இருந்தாலும் அது பெரும்பாலும் 40-60 மைக்ரான்தான். கனம் அளக்கும் கருவி மொத்தக் கனத்தையே காட்டும். அடியில் பட்டி இருந்தால் எண் எகிறும், அதை நம்பித் தேய்த்தால் போச்சு!

பெயின்ட் நன்றாக இறுகியபின் 2000 நம்பர் வாட்டர் பேப்பரை ரப்பர் கட்டையில் சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு, மேடு அடங்கும்வரை மட்டும் தேயுங்கள். பிறகு 3000. பானெட் விளிம்புகளில் பெயின்ட் சீக்கிரம் தேய்ந்துவிடும். முன்பே மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அடுத்து கம்பளி பஃபில் காம்பவுண்ட், ஸ்பாஞ்ச் பஃபில் பாலிஷ். மெழுகை இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள்.

கண்ணாடி மாதிரி ஆக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். அந்தக் காலத்துப் புது வண்டிகளே அப்படி இருந்ததில்லை.